ஓசை வரும் பின்னே, கை வரும் முன்னே

சாமளாபுரம் குளத்துக் கரையில் காலையில் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். 170 மீட்டர் தள்ளி யாராவது சீமைக்கருவேல் வெட்டிக்கொண்டிருந்தால், கோடாரி மரத்தில் இறங்குவது தெரியும், சத்தம் வராது. அவர் மறுபடி ஓங்கும்போதுதான் ‘டொக்’ என்று காதில் விழும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர்தான் போகும். அந்தத் தூரத்துக்கு அதற்கு அரை நொடி வேண்டும்.

மேலை இசை மேடையில் கையில் கருவி எதுவும் இல்லாத ஒருவரை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி வைத்திருப்பதற்கு இந்த அரை நொடியின் குட்டித் தம்பியும் ஒரு காரணம். அவருக்கும் கண்டக்டர் என்றுதான் பெயர். பஸ் கண்டக்டரிடமாவது ஒரு விசில் இருக்கும். இவரிடம் அதுவும் இல்லை.

நம் கச்சேரிக்கு இவர் தேவைப்படவில்லை. பாடகர், வயலின், மிருதங்கம், கடம் எல்லோரும் இரண்டு மூன்று மீட்டருக்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒலி கடக்க 10 மில்லிநொடிகூட ஆகாது. காது போதும்.

நூறு பேர் உட்கார்ந்தால் கதை மாறுகிறது. முன்வரிசை வயலினுக்கும் பின்வரிசை முரசுக்கும் நடுவே 14 மீட்டர் என்று வையுங்கள். ஒலிக்கு 40 மில்லிநொடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், அடிக்கு ஒரு ‘தகதிமி’ சொன்னால் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 125 மில்லிநொடி. முரசுக்காரர் வயலினைக் கேட்டு அடித்தால் 40 போயிற்று; அந்த அடி முன்வரிசைக்குத் திரும்பி வர இன்னொரு 40. எழுத்தில் பாதிக்கு மேல் காலி. எல்லோரும் காதையே நம்பினால் தாளம் இழுத்துக்கொண்டே போகும். ஒளிக்கோ அந்த 14 மீட்டர் ஒரு நொடியில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. யானைக்குத்தான் மணியோசை முன்னே. இங்கே கை முன்னே, ஓசை பின்னே.

ஒரு காலத்தில் தாளத்தையும் ஓசையாகவே கொடுத்தார்கள். 14-ஆம் லூயி மன்னரின் பிரான்சில் ஆப்பெரா என்ற இசை நாடகத்தை ஆண்ட ஜான்-பாப்டிஸ்ட் லூலி, கனத்த கோலால் தரையில் தட்டி நடத்தியவர். 1687 ஜனவரியில், மன்னர் பிணி நீங்கியதற்கான நன்றி இசையின்போது கோல் அவர் காலிலேயே இறங்கியது. புண் அழுகியது, வெட்டி எடுக்க அவர் சம்மதிக்கவில்லை, மார்ச்சில் உயிர் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் சத்தமில்லாத சிறு குச்சி நிலைத்தது. 20-ஆம் நூற்றாண்டில் அதே பிரான்சின் பியர் பூலெஸ் அந்தக் குச்சியையும் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் நடத்தினார்.

ஆனால் ஒளி மட்டும் போதாது. கண்ணில் பட்டதற்கு உடம்பு எதிர்வினை காட்டவே 200 மில்லிநொடி அளவு ஆகும். கை இறங்கியதைப் பார்த்தபின் வாசித்தால் எல்லோரும் தாமதம். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துப் பாருங்கள். எதிராளியின் உலக்கை ஏறும் விதத்திலேயே அது எப்போது இறங்கும் என்று கை அறிந்துவிடுகிறது. கண்டக்டரின் கை மேலே போகும்போதே அடுத்த அடியின் நேரமும் வேகமும் அதில் எழுதப்பட்டுவிடுகின்றன.

ஆப்பெராவில் இது இன்னும் கடினம். இசைக்குழு மேடைக்கு முன்னால் உள்ள குழியில், பாடகர் மேடையில். ஜெர்மனியின் பைராய்ட் அரங்கில் குழிக்கு மேலே மூடியும் உண்டு; ஒலி முதலில் மேடைப் பக்கம் போய், பாடலோடு கலந்துதான் அரங்குக்கு வருகிறது. அங்கே அரங்கேறியது இசையமைப்பாளர் வாக்னரின் ‘மோதிரம்’, நான்கு ஆப்பெராக்கள், சுமார் 15 மணி நேரம். அந்த அரங்கேற்றத்தின் நூற்றாண்டான 1976 முதல் 1980 வரை பூலெஸ் அங்கே நடத்தியது படமாகவும் இசைத்தட்டாகவும் கிடைக்கிறது.

நம் பக்கத்துக் கை, 1936-இல் மும்பையில் பிறந்த சுபின் மேத்தாவுடையது. 1985-இல் அவர் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்த, வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம் தம் ‘ஃபேன்டசி ஆன் வேதிக் சான்ட்ஸ்’ படைப்பை வாசித்தார். பக்கத்து மிருதங்கத்தைக் காதால் பிடித்து வளர்ந்த வயலின், நூறு பேர் பார்த்திருக்கும் ஒரு கையோடு சேர்ந்தது. 2005 டிசம்பர் 26, ஆழிப்பேரலையின் ஓராண்டு நினைவு நாளில், பவேரிய அரசு இசைக்குழுவோடு மேத்தா சென்னைக்கே வந்தார்.

ஒரு கண்டக்டரின் இசைத்தட்டு அட்டையில் அவர் பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே எல்லோருடைய ஒலியும் உண்டு, அவருடையதைத் தவிர.

கண்டக்டர் இல்லாத தறிக்கூடத்தில் பத்து விசைத்தறி ஓடினால் பத்துத் தாளம். ஒரு கணம் சேர்வதுபோல இருக்கும், உடனே பிரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். ஆனால் ஒரு தறிக்குள் பாவு பிரிவதும், நாடா பாய்வதும், ஊடையை அடித்துச் சேர்ப்பதும் முறை தவறுவதில்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சி எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறது. நூறு மனிதருக்கு நடுவே அப்படியொரு இரும்பைப் போட முடியாது. வெளிச்சத்தில் ஒரு கையைத் தூக்கிக் காட்டலாம்.