சுழலும் உலோகம் – 9: கொஞ்சம் மாறினால்தான் ஆபத்து

நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலையில் நடந்ததைப் போன வாரம் பார்த்தோம். டர்பைனின் இரண்டு பிளேடுகள் உலோகச் சோர்வால் முறிந்தன. ரோட்டர் சமநிலை இழந்து உதறியது, ஜெனரேட்டரிலிருந்து ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது, நிலையம் 17 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. ஒரே வரைபடம், ஒரே உலோகம், ஒரே நீராவி. பிறகு ஏன் அந்த இரண்டு மட்டும்? நரோராவுக்கான பதிலை விசாரணை அறிக்கைகளிடம் விட்டுவிடுவோம். ஆனால் இந்தக் கேள்வி எல்லாச் சக்கரங்களுக்கும் பொதுவானது.

பிளேடுகள் ஒரே மாதிரி இருப்பது வரைபடத்தில் மட்டும்தான். பட்டறையில் அச்சு தேயும், வெட்டும் கருவி மழுங்கும், பாலிஷ் போடும் கை ஓரிடத்தில் சற்று அழுத்தும். பிளேடு என்பது அடியில் இறுகப் பிடிக்கப்பட்ட ஒரு தகடு. அது வளைந்து அதிரும்போது, தடிமன் 1 சதவீதம் கூடினால் அதிர்வெண்ணும் ஏறத்தாழ 1 சதவீதம் ஏறும். நீளம் 1 சதவீதம் கூடினால் 2 சதவீதம் இறங்கும். அதாவது, தடிமன் மட்டும் 1 சதவீதம் கூடினால், 500 ஹெர்ட்ஸில் அதிர வேண்டியது 505இல் அதிரும்.

இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று கேட்கத் தோன்றும். பிளேடும் வட்டும் ஒரே உலோகத் துண்டாகக் கடையப்பட்ட ‘பிளிஸ்க்’ வகைச் சக்கரத்தில், பிளேடின் அடியில் உராய்வே கிடையாது. அதனால் அதிர்வைத் தணிக்க அங்கே ஆள் இல்லை. தணிப்பு விகிதம் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 500 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு உச்சத்தின் அகலம் வெறும் 1 ஹெர்ட்ஸ். நம்முடைய 5 ஹெர்ட்ஸ் அதைப்போல ஐந்து மடங்கு!

பிளேடுகள் தனித்தனியாகவும் அதிர்வதில்லை. ஒன்றின் அசைவு வட்டு வழியாக அடுத்ததற்குப் போகிறது. எல்லாம் அச்சு அசலாக இருந்தால், அதிர்வு அலை சக்கரத்தைத் தடையின்றிச் சுற்றிவரும். சுமையை எல்லாப் பிளேடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். வேறுபாடு நுழைந்ததும் அலை ஆங்காங்கே திருப்பி அனுப்பப்பட்டு, சில பிளேடுகளிடம் மட்டும் தேங்குகிறது. ஒழுங்கற்ற படிகத்தில் எலெக்ட்ரான் இப்படித்தான் சிக்கிக்கொள்ளும் என்று 1958இல் எழுதியவர் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன். 1977இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் அந்தக் கட்டுரைக்கும் பங்கு உண்டு. டர்பைன்காரர்களுக்கு அது தங்கள் ஊர்க் கதையாக இருந்தது.

அப்படித் தேங்குவது எவ்வளவு தூரம் போகும்? 1966இல் பொறியாளர் ஒயிட்ஹெட் ஓர் எல்லை வகுத்தார். பிளேடுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 1 கூட்டி, பாதியாக்க வேண்டும். 36 பிளேடுகள் என்றால், வேறுபாடே இல்லாத சக்கரத்தின் அதிர்வைப்போல 3.5 மடங்கு. நடைமுறையில் அந்த உச்சத்தைத் தொடுவது அரிது. ஆனால் உலோகச் சோர்வுக்கு அதில் பாதியே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த முரண் இனிமேல்தான். வேறுபாடே இல்லையென்றால் சிக்கல் இல்லை. நிறைய வேறுபாடு இருந்தாலும் பெரிய சிக்கல் இல்லை, ஏனென்றால் அப்போது ஒவ்வொரு பிளேடும் தன்பாட்டுக்கு அதிரும். அண்டை வீட்டுச் சக்தி அதனிடம் வந்து சேராது. இரண்டுக்கும் நடுவே, வட்டின் பிணைப்பு வலிமையோடு ஒப்பிடத்தக்க அளவில் வேறுபாடு இருக்கும்போதுதான் நிலைமை மிக மோசம். அப்படியென்றால், காசைக் கொட்டி டாலரன்ஸை, அதாவது அனுமதிக்கும் வேறுபாட்டை, இறுக்கும் ஒரு தொழிற்சாலை, ஆபத்து குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு நகரவும் கூடும். தர மேலாளர்களுக்கு இது கசக்கும்.

இதனால்தான் வேண்டுமென்றே இரண்டு வகைப் பிளேடுகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் யோசனை வந்தது. காற்றோட்டமே பிளேடைத் தூண்டிவிடும் ‘ஃப்ளட்டர்’ அதிர்வையும் இது அடக்கும் என்று நாசாவின் லூயிஸ் மையத்தில் காசா, கீல்ப் இருவரும் 1982இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதுவரை பார்த்தது அதிர்வின் கணக்கு. செயல்திறனின் கணக்கு வேறு. ஜெட் என்ஜினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் பிளேடில், காற்று முதலில் தொடும் முன்விளிம்பு மிக மெல்லியது. அதன் வளைவு சற்றே பிசகினாலும், விளிம்பைச் சுற்றி வேகமெடுத்த காற்று சட்டென்று தளர்ந்து, மேற்பரப்பை ஒட்டிய ஓட்டம் சீக்கிரமே கொந்தளிக்கிறது, இழப்பு ஏறுகிறது. கேம்பிரிட்ஜில் குட்ஹேண்டும் மில்லரும் 2011இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஆனால் அந்த விளிம்பில் உள்ள உலோகம் சொற்பம் என்பதால் அதிர்வெண் அசையாது. அடிப்பகுதித் தடிமனோ நேர்மாறு: அதிர்வெண்ணை மாற்றும், காற்றுக்கு அவ்வளவாகத் தெரியாது. வரைபடம் முழுவதற்கும் ஒரே கூட்டல்-கழித்தல் எண்ணைப் போட்டுவைப்பது சோம்பேறித்தனம் என்பேன்.

இப்போது ஒவ்வொரு பிளேடையும் ஒளி ஸ்கேனரில் அளந்து, உள்ளது உள்ளபடியே கணினியில் ஏற்றி அதிர்வைக் கணக்கிட முடிகிறது. கழற்றக்கூடிய பிளேடென்றால் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். பிளிஸ்க்கில் அந்த வசதி இல்லை. கல்லோ பறவையோ மோதி விளிம்பு சிதைந்தால், சிதைந்த பகுதியை வழவழப்பாக ராவி எடுப்பார்கள். வளைவு பிசகுவது போலன்றி இதில் உலோகமே கணிசமாகப் போவதால், ராவிய பிளேடின் அதிர்வெண் மாறிவிடும். சக்கரத்தின் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

(தொடரும்)