செலினியம் மாத்திரையும் சர்க்கரை நோயும்

சென்ற மாதம் ஆரணிப் பக்கத்து நெசவாளர் சங்கமொன்றுக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். கணக்குகளைப் பார்த்து முடித்தபின், அங்கத்தினர் ஒருவர் மாத்திரைப் புட்டியொன்றைக் காட்டி, "ஐயா, இதைச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமென்கிறார்களே, உண்மைதானா?" என்று வினவினார். அதில் 'செலினியம் 200 மைக்ரோகிராம்' என்றிருந்தது. நெசவுக் கூலியில் மாதந்தோறும் ஒரு தொகை இதற்கே போயிற்று. அதனினும் கவலைக்குரியது, வைத்தியர் கொடுத்த மாத்திரையை அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

செலினியம் மண்ணிலுள்ள ஒரு மூலப்பொருள். 1817-ல் ஸ்வீடன் தேசத்து ரசாயன அறிஞர் பெர்ஸீலியஸ் இதனைக் கண்டறிந்தார். தானியங்களின் வழியாக நம் உடலிற் சேர்கிறது. உடலுக்கு அவசியமே, ஆயினும் நாளொன்றுக்கு 40 மைக்ரோகிராம் போதுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பு. புட்டியிலிருந்ததோ அதைப்போல் ஐந்து மடங்கு! அளவு மிஞ்சினால் நேர்வதற்குப் பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பகுதிகளே சாட்சி. அங்குச் சில கிராமங்களின் மண்ணில் செலினியம் மிகுதி. அதில் விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு மயிர் உதிர்ந்து குளம்பும் கழன்றது.

இனி, சர்க்கரைக்கு வருவோம். அமெரிக்காவில் புற்றுநோய்த் தடுப்புக்கென நடந்த சோதனையொன்றின் முடிவு 2007-ல் வெளியாயிற்று. நாள்தோறும் 200 மைக்ரோகிராம் உண்ட 600 பேரில் 58 பேருக்குச் சர்க்கரை நோய் புதிதாகக் கண்டது. வெற்று மாத்திரை உண்ட 602 பேரில் 39 பேருக்கே கண்டது. 35,000 ஆடவருக்கு மேல் சேர்த்து நடத்தி 2008-ல் நிறுத்தப்பட்ட மற்றொரு சோதனையில் இவ்வேறுபாடு உறுதிப்படவில்லை. ஆதலின் மாத்திரையே நோயைத் தருமென்று அடித்துக் கூறலாகாது. ஆனால் நோயைத் தடுத்ததாக இரண்டிலுமே காணோம்.

நம் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் செலினியத்தில் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. எனினும் அவற்றுக்கு முக்கிய இரை நார்ச்சத்தே. அதைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் ப்யூட்டிரிக் அமிலம் குடற்சுவருக்கு உணவாகிறது. இன்சுலின் வேலைசெய்யவும் உதவுகிறது. சர்க்கரை நோயாளிகளின் குடலில் இவ்வகை நுண்ணுயிர்கள் குறைந்திருப்பதைச் சீன விஞ்ஞானிகள் 2012-ல் கண்டனர். நார்ச்சத்து மிகுந்த உணவு இரத்தச் சர்க்கரையை இறக்கியதை ஷாங்காய் ஆராய்ச்சியொன்று 2018-ல் காட்டிற்று. தவிட்டை உரித்தெறிந்த வெள்ளையரிசியில் அந்த நார் ஏது? நம் ஜில்லாவின் ஜவ்வாது மலையில் விளையும் சாமையில் உண்டு. கீரையிலும் பயறிலும் உண்டு. உழைப்பும் வேண்டும். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறோம். மற்ற நாட்களில் தறிக்குழியை விட்டு எழுந்திருப்பதேயில்லை!

தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு இந்நோய் உண்டென 2023-ல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. வைத்தியரின் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறென அவ்வங்கத்தினருக்கு எடுத்துரைத்தோம். "மீதி மாத்திரைகளை என்ன செய்வது, ஐயா?" என்றார். புட்டியோடு மறுநாளே அரசு மருத்துவமனைக்குச் சென்று வைத்தியரிடம் காட்டும்படி சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.