பாம்புப் பூஞ்சை பரவுவது யாரால்?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மிஞ்சியிருந்த ஒரே கிலுகிலுப்பை விரியன் கூட்டம், 2006-ஐ ஒட்டிய ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. செத்துக்கிடந்தவற்றின் உடலில் பூஞ்சைப் புண்கள் காணப்பட்டன. இந்த நோயைத் தருவது ஓஃபிடியோமைசஸ் என்னும் பூஞ்சை. முதலில் ஒரு செதிலின் ஓரம் பழுப்பாகித் தடிக்கும். பிறகு பொருக்குக் கட்டும், முகம் வீங்கும், கண்ணை மூடியிருக்கும் மெல்லிய செதில் மங்கிப்போகும். ஆரோக்கியமான பாம்புகளுக்கு இதைத் தொற்றவைத்து, நோய்க்குக் காரணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் 2015-இல் நிறுவினார்கள். குளிர்காலம் முழுவதும் பல பாம்புகள் ஒரே பாறைப் பொந்தில் அடைந்து கிடக்கின்றன. பூஞ்சையோ மண்ணிலும் பிழைத்திருக்கக்கூடியது. எனவே ஒரு பொந்துக்குள் நோய் பரவுவதற்குப் பாம்புகளின் நெருக்கமும் அந்த மண்ணுமே போதும்.

ஆனால் பொந்துக்குப் பொந்து பரவுவது வேறு, கண்டம் விட்டுக் கண்டம் தாவுவது வேறு. பாம்பு ஊர்ந்து கடக்கும் தூரம் சில கிலோமீட்டர்தான். பூஞ்சையின் மரபணுக்களை ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வு, வட அமெரிக்காவுக்குள் அது பலமுறை வெளியிலிருந்து நுழைந்திருக்க வேண்டும் என்கிறது. காட்டுப் பாம்புகளுக்கும் வளர்ப்புப் பாம்புகளுக்கும் இடையே தொற்று கைமாறியதற்கான தடயங்களையும் அது காட்டுகிறது. செல்லப்பிராணி வணிகத்தின் மேல் சந்தேகம் விழுவதில் நியாயம் இருக்கிறது. 1940-களில் பிடித்துப் பதப்படுத்திய அருங்காட்சியகப் பாம்புகளிலும் இதே பூஞ்சை இருக்கிறதே, இது பழைய நோய்தானே என்று கேட்கலாம். பழையது என்பதாலேயே உள்ளூரில் தோன்றியது என்றாகிவிடாது. பாம்பு வணிகம் அதற்கு முன்பே நடந்துவந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது. நியூ ஹாம்ப்ஷயர் கூட்டம் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து நலிந்திருந்தது, அந்த ஆண்டு மழையும் அதிகம். எல்லாப் பழியையும் பூஞ்சைமேல் போட முடியுமா? முடியாது. சட்டை உரித்துப் பிழைத்துக்கொள்ளும் பாம்புகளும் ஏராளம். ஆனால் அப்படி மீள்வதற்கு அடிக்கடி சட்டை உரிக்க வேண்டும், வெட்டவெளியில் அதிக நேரம் வெயில் காய வேண்டும்; பருந்தின் கண்ணில் படுவது அப்போதுதான். இந்த விரியனின் பெண் முதல் குட்டி போடவே ஏழெட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அப்படிப்பட்ட இனத்தில் சில தாய்கள் போனாலே கூட்டம் ஆட்டம் காணும். காட்டு மண்ணிலிருந்து பூஞ்சையை ஒழிக்க வழியில்லை. விற்பனைக்கு வரும் பாம்புகளைச் சோதிக்கலாம். பிடித்து வளர்த்ததைக் காட்டில் விடுவதைத் தடுக்கலாம். களத்தில் பாம்பைத் தொடும் கொக்கியையும் பையையும் ஒவ்வொரு முறையும் நீர்த்த பிளீச்சில் கழுவலாம்.