கிராமப் பள்ளியின் கணக்கை அறியும் விதம்

ஐக்கிய சங்கத்தின் மகாசபையில் வருஷாந்தரக் கணக்கு வாசிக்கப்படும்போது, அனுபவமுள்ள அங்கத்தினர் கொடுத்த கடனின் மொத்தத்தைக் கேட்டுத் திருப்தியடைய மாட்டார். தவணை கடந்த பாக்கி எவ்வளவு என்று கேட்பார். பாக்கி மிகுந்திருப்பின் சங்கம் நலிவுற்றிருக்கிறதென உடனே உணர்வார். கிராமத்துப் பள்ளியின் கணக்கையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும்.

பிள்ளைகளின் குடும்ப நிலை

சிலமலை, தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராமம். மேற்கே நிற்கும் ஏலமலைத் தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும் பகுதியைத் தடுத்துவிடுகிறது. மானாவாரி நிலம் வருஷம் முழுதும் வேலை தருவதில்லை. ஆகவே இவ்வட்டாரத்துக் கூலி ஜீவனக் குடும்பங்கள் பல, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றன. விடியுமுன் ஜீப்பில் ஏறி இருட்டிய பின் திரும்புவோர் சிலர். தோட்டத்திலேயே தங்கிவிடுவோர் சிலர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் எழுதும் பிள்ளைகளும் இப்பக்கத்தில் உண்டு. பள்ளிக் கணக்கை வாசிப்போர் இந்நிலைமையை முதலில் மனத்திற் கொள்ளல் அவசியம்.

விகிதாசாரமும் ஆட்தொகையும்

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முடிய எந்த மாணாக்கரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. ஆதலால் "அனைவரும் தேர்ச்சி" என்னும் குறிப்பு, பிள்ளைகள் கற்ற அளவைக் காட்டாது.

மேலும், சிறு பள்ளியில் நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு நம்மை ஏமாற்றக் கூடும். உதாரணமாக, ஒரு வகுப்பில் எட்டுப் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்ற வருஷம் எழுவர் பிழையின்றி வாசித்தனர், இவ்வருஷம் அறுவர். இதனை நூற்றுக்கு 87½ என்பது 75 ஆகத் தாழ்ந்தது என்று எழுதினால், உபாத்தியாயரைக் குறை கூறத் தோன்றும். உண்மையில் வேறுபாடு ஒரே ஒரு பிள்ளை. அப்பிள்ளை யார், எம்மாதம் முதல் பின்தங்கினாள் என்று விசாரித்தலே பயன் தரும். எனவே சிறு பள்ளியில் ஆட்களை எண்ணுக; ஒரு வருஷத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறாது, நான்கைந்து வருஷங்களைச் சேர்த்து நோக்குக.

ஆஜர்ப் பதிவேடு

ஏலக்காய் ஒரே சமயத்தில் முதிர்வதில்லை. ஆகவே ஆடியில் தொடங்கித் தை வரையில் ஒரே தோட்டத்தில் ஐந்தாறு முறை காய் எடுக்க வேண்டியிருக்கிறது. பள்ளியின் காலாண்டுப் பரீக்ஷை செப்டம்பரிலும் அரையாண்டுப் பரீக்ஷை டிசம்பரிலும் நடைபெறுகின்றன. இரண்டும் காயெடுப்புக் காலத்திலேயே வருகின்றன. தாய் மலைக்குச் சென்ற நாளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுவாளாயின், அது இருமுறையும் அவளுடைய மதிப்பெண்ணிற் காணும்.

2009-ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரையிலுள்ள வகுப்புகள் 220 நாட்கள் நடத்தப்பட வேண்டும். பள்ளி 220 நாள் நடந்ததாயினும், ஒரு பிள்ளை 150 நாளே வந்திருக்கலாம். ஆகையால் ஆஜர்க் கணக்கை மாதவாரியாகவும், ஆண் பெண் வேறாகவும் பார்க்க வேண்டும்.

உணவும் கவனிக்கத்தக்கது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் சர்க்கார் தொடக்கப் பள்ளிகள் யாவற்றிற்கும் விரிந்தபோது, ஐந்தாம் வகுப்பு வரைக்கே அமைந்தது. தாய் விடியுமுன் புறப்பட்டுவிடும் வீட்டில், ஆறாம் வகுப்புக்கு ஏறிய பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வர நேரிடலாம்.

ஒன்பதாம் வகுப்பின் வாயில்

நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. கல்வியுரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. அடுத்த பள்ளி வேறோர் ஊரில் இருக்குமாயின், பெண் பிள்ளைகள் நின்றுவிடும் இடம் இதுவே. சென்ற வருஷம் எட்டாம் வகுப்பு முடித்தவருள் இவ்வருஷம் ஒன்பதில் சேராதவர் எத்தனை பேர்? சங்கத்தின் தவணை கடந்த பாக்கிக்கு ஒப்பான எண் இதுவாகும்.

இங்கே நிற்கும் பிள்ளை இழப்பது மிக அதிகம். தேசிய வருவாய்வழித் திறன் உதவித் தொகைப் பரீக்ஷையில் தேறிய பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ரூ. 1,000 கிடைக்கிறது. 2020-ஆம் வருஷத்துச் சட்டப்படி மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்கு 7½ இடங்கள், ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியிலேயே பயின்றோருக்கு ஒதுக்கப்பட்டன. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் இவ்வாறு பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 அளிக்க ஏற்பட்டது. இடையில் நின்ற பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டாது.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

1. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராயும், பாதியினர் பெண்களாயும் இருத்தல் சட்டத்தின் விதி. குழுவிலுள்ள அங்கத்தினர் மாதவாரி ஆஜர், தடையின்றி வாசிப்போர் தொகை, ஒன்பதில் சேராதோர் தொகை ஆகிய மூன்றையும் காலாண்டுதோறும் கேட்டறிக.

2. தோட்டத்து முன்பணம் வாங்கிய குடும்பம் பருவம் முழுதும் அதற்குக் கட்டுப்படுகிறது. ஆனி மாதத்திலேயே சிறு கடன் கிடைக்குமாயின் அக்கட்டு தளரும். தகுதியுள்ள அங்கத்தினரின் மனுக்களைப் பஞ்சாயத்தார் தாமதமின்றிப் பரிசீலிப்பாராக.

3. துணை விதிகள் இடங்கொடுக்குமாயின், பொது நன்மை நிதியிலிருந்து காயெடுப்புக் காலத்தில் மேல் வகுப்புப் பிள்ளைகளின் காலை உணவுக்கு உதவலாம்.

4. மேற்கூறிய உதவித் தொகைப் பரீக்ஷைக்குப் பெற்றோரின் வருஷ வருமானம் ரூ. 3½ லக்ஷத்துக்கு மேற்படலாகாது. ஏழாம் வகுப்பில் பொதுவாக நூற்றுக்கு 55 மதிப்பெண் வேண்டும். மலைக்குச் சென்ற பெற்றோரால் வருமானச் சான்று பெற இயலாமற் போகலாம். அதற்கு எழுதப் படிக்க அறிந்த அங்கத்தினர் துணை நிற்க வேண்டும்.

வரும் மகாசபைக்கு முன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு முறை பள்ளிக்குச் சென்று, சென்ற வருஷம் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேட்டு வருவாராக. வகுப்பில் இல்லாத பிள்ளையின் வீடு எதுவென்று கிராமத்தார் அறிவர்.