கப்பம் வாங்கினால் காவலும் கொடு

மும்பையின் தாராவியில் மித்தி ஆற்றோரம் நிற்கும் காலா கில்லா என்னும் கோட்டையின் சுவரில் 1737 என்ற ஆண்டைத் தாங்கிய கல்வெட்டு இருக்கிறது. அதே ஆண்டில்தான் ஆற்றுக்கு அக்கரையில் சாஷ்டித் தீவைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து மராத்தியர் பிடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டிக் காத்த எல்லைக்கு எதிரே நின்றது, சௌத் என்னும் கப்பம் கேட்ட மராத்திய அரசு. வருவாயில் நாலில் ஒரு பங்கு சௌத். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு சர்தேஷ்முகி. இதைக் கொள்ளை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எளிது. ஆனால் 1719-ல் மராத்தியரின் தலைமை அமைச்சரான பேஷ்வா பாலாஜி விஸ்வநாத் முகலாய தர்பாரில் பெற்ற சனதுகளை, அதாவது அரச ஆணைகளை, பாருங்கள். தக்காணத்தின் ஆறு சுபாக்களில் (மாகாணங்களில்) சௌத் வசூலிக்கும் உரிமைக்கு ஈடாகப் பாதுஷாவுக்கு 15,000 குதிரைப்படை வைக்கவேண்டும். சர்தேஷ்முகிக்கு ஈடாக நாட்டில் கள்ளர் பயம் இல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வாங்கும் உரிமையோடு செய்யும் கடமையும் எழுத்தில் இருந்தது.

இது மராத்தியருக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல. மத்தியகால அயர்லாந்தின் ‘உரிமைகளின் நூல்’, சிற்றரசர்கள் தரவேண்டிய மாடு, பன்றி, மேலாடைகளோடு, பேரரசன் அவர்களுக்குத் தரவேண்டிய குதிரை, வாள், கேடயங்களையும் வரிசைப்படுத்துகிறது. கொடுக்காத அரசனுக்குக் கேட்கும் தகுதி இல்லை என்பதே அதன் உட்பொருள். வங்காளத்தில் 1742 முதல் மராத்தியக் குதிரைப்படை நடத்திய சூறையாடலைக் காட்டிச் சிலர் மறுப்பார்கள். அந்தக் கொடுமை உண்மை. கல்கத்தாக்காரர்கள் அதற்கு அஞ்சி அகழியே வெட்டினார்கள். ஆனால் அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது: காவல் போய் வசூல் மட்டும் மிஞ்சிய இடத்தில்தான் கப்பம் கொள்ளையானது.

என் கவலை இன்றைய மும்பையைப் பற்றியது. மாட்டுங்கா நடைபாதையில் வாழையிலையும் மல்லிகைச் சரமும் விற்பவரிடம் மாலையானால் யாரோ ஒருவர் வாங்கும் ஹப்தா என்ற மாமூலுக்கு ரசீது கிடையாது, பதிலுக்குக் கடமையும் கிடையாது. பணம் கொடுத்த மறுநாளே தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் கேட்க நாதியில்லை. ‘கொடுத்தால்தானே பிழைப்பு ஓடுகிறது’ என்பார்கள். ஓடுகிறது, உரிமையில்லாமல். தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சான்றிதழும் இடமும் கட்டணமும் ஒன்றோடொன்று இணைந்தவை என்கிறது. அதை முழுமையாக நடைமுறைப்படுத்தினால், கொடுப்பவர் கையில் கேள்வி கேட்க ஒரு தாளாவது இருக்கும். 1719-ல் பாதுஷாவுக்குக் கிடைத்த அந்த எழுத்துறுதி, இன்றைய பூக்காரருக்கும் கிடைத்தாகவேண்டும்.