பெரிய ஃபில்டர் வாங்குவதற்கு முன்

எங்கள் தாபோடி வீட்டுக் கூடத்தில் 90 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது கடல் மீன்கள். முளாவும் பவனாவும் கூடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்ப்பானேன் என்று சங்க நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஆசை பேரனுடையது, உழைப்பு தாத்தாவுடையது.

சில மாதங்களுக்கு முன் கண்ணாடியிலும் பாறையிலும் பாசி படர ஆரம்பித்தது. கடைக்காரரிடம் சொன்னதும், "பெரிய கேனிஸ்டர் ஃபில்டர் போடுங்க சார்" என்றார். விலை பன்னிரண்டாயிரம். "வாங்கிடலாம் தாத்தா" என்றான் பேரன். கோளாறு என்னவென்று தெரியாமல் உதிரிபாகத்தை மாற்றுவது எனக்கு ரயில்வேயிலேயே பிடிக்காது. முதலில் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகின்றன. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் கெடுதல்தான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட் ஆக்குகிறது. ஃபில்டர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வீடுதான். புதுத் தொட்டியில் இவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

என் தொட்டியில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் லிட்டருக்கு 40 மில்லிகிராம். அதாவது ஃபில்டர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது! அம்மோனியா தெரிந்திருந்தால் கடைக்காரர் சொன்னது நியாயம். நைட்ரேட்டைச் சாதாரண கேனிஸ்டர் ஃபில்டர் குறைக்காது. அதன் பஞ்சை அடிக்கடி கழுவாவிட்டால் கூட்டவே செய்யும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பாய்லரில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்புக்கள் உள்ளேயே தங்கும். அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டால்தான் பாய்லர் பிழைக்கும். தொட்டியும் அப்படித்தான். ஆவியான அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்ற வேண்டும். சேர்ந்த நைட்ரேட் போகத் தண்ணீரை மாற்ற வேண்டும்.

கணக்கு எளிது. என் தொட்டியில் வாரத்துக்கு 5 மில்லிகிராம் ஏறியது. வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால், நாளடைவில் அது 25க்கு மேல் போகாது. தீனியைப் பாதியாக்கி ஏற்றமும் பாதியானால் பன்னிரண்டரை. நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்குதான் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கில் 100 வரை ஏறியிருக்கும். தப்பு என்னுடையது.

இப்போது ஞாயிறுதோறும் 18 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் சுமார் 650 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைக்கிறேன். சமையல் உப்பு உதவாது. "ஊறுகாய்க்குக்கூட நான் இப்படி அளந்து போட்டதில்லை" என்கிறாள் வீட்டுக்காரி.

கேனிஸ்டருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மின்சாரம் பல மணி நேரம் போனால், மூடிய டப்பாவுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா மடியும். மின்சாரம் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் நேரே மீன்களிடம் போகும். நீண்ட நேரம் கரண்ட் போயிருந்தால், டப்பாவைக் கழுவிவிட்டே ஓட்ட வேண்டும்.

தொட்டிக்குள் இருக்கும் நுண்துளைப் பாறையும் நல்ல ஃபில்டர்தான். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பவளப்பாறைத் துண்டு தேடாதீர்கள். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததால் கடலில் மூழ்கிப் போனவை. என் தொட்டியில் இருப்பது பீங்கான் பாறை. கோமாளி மீன் இரண்டும் பண்ணையில் பொரித்தவை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றைப் பொரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள்.

மீன்களைக் கூட்டினால், கழிவு அழுகுமுன் அதை நுரையாக வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று சிறியதாக வாங்குவேன். இப்போதைக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு மட்டும் வாங்கினேன். ஆறு வாரத்தில் நைட்ரேட் 20க்கு இறங்கியது. பாறையில் பாசி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுப்பது பேரனின் பொறுப்பு.