பூட்டை இழுத்துப் பார்!

"அண்ணா, உடனே வா. உள்ளே இவரைக் கீழே போட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன்!"

போனில் என் தங்கை. அவள் கணவருக்கு முந்தின நாள்தான் மூளையில் ஆபரேஷன். வலது காதுக்கு மேலே எலுமிச்சம்பழ சைஸில் ஒரு கட்டி. நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை கண் விழித்து, "காபி கிடைக்குமா?" என்று கேட்டும்விட்டார். அப்புறம் என்ன கலாட்டா?

ஆட்டோ பிடித்து ஓடினேன். ஐ.சி.யூ. வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஆபரேஷன் பண்ணினது வலது பக்கம். இடது நெத்தியில எதுக்குக் காயம்? பின்னந்தலையில வேற ரெண்டு இருக்கு. நர்ஸம்மாவைக் கேட்டா 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா'ங்கறாங்க. ஒண்ணுமில்லைன்னா எப்படி மூணு இருக்கும்?"

நியாயமான கேள்வி!

உள்ளே போய்ப் பார்த்தேன். நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் ஒரு பொட்டுக் காயம். (மாப்பிள்ளைக்கு முடி எங்கே தொடங்குகிறது என்பது பத்து வருஷமாகவே விவாதத்துக்குரிய விஷயம்.) பின்னந்தலையிலும் அதே அளவில் இரண்டு.

நேரே சர்ஜன் அறைக்குப் போனேன். சின்ன வயசு டாக்டர். கோபப்படுவார் என்று பார்த்தால், "சார் என்ன வேலை பார்த்தீங்க?" என்றார்.

"அம்பத்தூர்ல முப்பது வருஷம் டூல் ரூம் டிசைனர். ஜிக், ஃபிக்ஸ்சர் வரைவேன்."

"அப்படின்னா உங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல புரியும். உட்காருங்க."

ஃபிக்ஸ்சர் என்றால் வேறொன்றுமில்லை. மெஷின் துளை போடும்போது இரும்புத் துண்டு இம்மிகூட நகராமல் கவ்விப் பிடிக்கும் சாதனம். "முப்பது வருஷமா எதையாவது பிடிச்சு வைக்கிறதே உங்க வேலை. சம்பளத்தைத்தான் பிடிச்சு வைக்கத் தெரியலை" என்பாள் என் மனைவி.

டாக்டர் மாணவர்களுக்குக் காட்ட வைத்திருந்த பழைய கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். வளைந்த உலோகக் கவ்வி. ஒரு கையில் ஒரு ஊசி, எதிர்க் கையில் இரண்டு ஊசி. பேஷண்ட்டுக்கு மயக்கம் கொடுத்த பிறகு, தலையை இதற்குள் வைத்து இறுக்குவார்கள். ஊசிகள் தோலைத் தாண்டி மண்டை ஓட்டின் வெளிப்புறத்தைக் கடித்துக்கொள்ளும். கவ்வியை ஆபரேஷன் மேஜையோடு பூட்டிவிட்டால் தலையும் மேஜையும் ஒன்றாகிவிடும்.

"ஏன் நாலு ஊசி வைக்கலை, சொல்லுங்க பார்ப்போம்?" என்றார் டாக்டர்.

இதுகூடவா தெரியாது? நாலு கால் ஸ்டூல் ஆடினால் அடியில் பேப்பரை மடித்து வைக்கிறோம். முக்காலிக்கு அந்தத் தொல்லையே கிடையாது. எந்தத் தரையிலும் நிற்கும். மனிதத் தலையோ எந்தப் பக்கமும் சமமில்லாத மேடுபள்ளம்.

தவிர, அந்த இரட்டை ஊசித் துண்டு சீசாப் பலகை மாதிரி அசைகிறது. மண்டை எப்படி வளைந்திருந்தாலும் இரண்டு ஊசியும் சரிசமமாக உட்காரும். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து டாக்டர் ஃப்ராங்க் மேஃபீல்டும், அவரோடு சேர்ந்து கருவிகள் வடிவமைத்த ஜார்ஜ் கீஸும் உருவாக்கிய டிசைனாம். மனசுக்குள் ஒரு சலாம் போட்டேன்.

ஒற்றை ஊசியின் பின்னால் ஒரு திருகு. அதற்குள் ஸ்பிரிங். திருகத் திருக வளையக் கோடுகள் வெளியே தெரிகின்றன. ஒரு கோடு 20 பவுண்ட் அழுத்தம். பெரியவர்களுக்கு மூன்று, நாலு கோடு. அதாவது 60 முதல் 80 பவுண்ட். கிலோவில் சொன்னால் 27 முதல் 36. கடையில் வாங்கும் 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகம்!

"குறைஞ்சா தலை நழுவிடும், ஊசி தோலைக் கிழிச்சிடும். கூடினா எலும்பு விரிசல் விடும், உள்ளே ரத்தம் கட்டும். நெத்திப்பொட்டுல எலும்பு மெல்லிசு, அங்கே ஊசி வைக்கக் கூடாது. மூணு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைன்னா பெரும்பாலும் ஊசியே கிடையாது. லாட வடிவத்துல மெத்தை வெச்ச தாங்கிதான்."

"மயக்கத்துல வலி தெரியாது இல்லையா?"

"அவருக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரியும். ஊசி இறங்கும்போது பி.பி. ஜிவ்வுனு ஏறும். அதனால அந்த மூணு இடத்துலயும் முதல்லயே மரத்துப்போக மருந்து போடுவோம்."

எனக்குத் தொண்டை அடைத்தது. என் ஃபிக்ஸ்சரில் ஜாப் கெட்டால் ஸ்கிராப் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். இங்கே அடுத்தது ஏது? என் தங்கைக்கு இருப்பது ஒரே மாப்பிள்ளை.

இந்தப் பிடிக்கிற வித்தைக்கு நூறு வருஷத்துக்கும் மேல் வயசு. 1908-ல் லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் மிருகங்களின் தலையைப் பிடித்து, மூளைக்குள் குறித்த இடத்தைத் தொட ஒரு சட்டம் செய்தார்கள். மனிதனுக்கு அது வந்தது 1947-ல், ஃபிலடெல்ஃபியாவில், ஸ்பீகலும் வைசிஸும் செய்தது. 1949-ல் ஸ்வீடனின் லார்ஸ் லெக்ஸல் அரைவட்டச் சட்டம் கொண்டுவந்தார். எந்தக் கோணத்தில் ஊசியை இறக்கினாலும் வட்டத்தின் மையத்துக்கே போய்ச் சேரும். என்ன மூளை! அதே 1949-ல்தான் நம் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி.

"இப்பத்தான் கம்ப்யூட்டர் வந்துடுச்சே டாக்டர், இந்தத் திருகாணி எதுக்கு?"

"கம்ப்யூட்டர் வந்ததாலதான் சார் இது இன்னும் முக்கியம். ஸ்கேன் படத்தை மேப்பா வெச்சு, கத்தி எங்கே இருக்குன்னு திரையில பார்க்கிறோம். அந்த மேப்புக்கு அடையாளக் குறியே இந்தக் கிளாம்ப்லதான் மாட்டியிருக்கும். உள்ளே தலை ரெண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கம்ப்யூட்டர் பழைய இடத்தையே காட்டிக்கிட்டிருக்கும்."

கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டேவிட்டேன். "நழுவினது உண்டா?"

டாக்டரின் சிரிப்பு மறைந்தது. "நழுவவே நழுவாத கிளாம்ப்பை இன்னும் யாரும் செய்யலை சார். அதனாலதான் இறுக்கினதும் எந்த மீட்டரையும் நம்பாம, தலையைக் கையால பிடிச்சு ஒருதரம் அசைச்சுப் பார்ப்பேன். ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்ப்பேன். அப்புறம்தான் கத்தி."

வெளியே வந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முக்காலி, அரிசி மூட்டை எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "இறுக்கிட்டு இழுத்துப் பார்த்தாங்களாமா?" என்றாள்.

"பார்த்தாங்களாம்."

"அப்ப சரி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தோம். நெற்றிக் காயம் ஆறி, விபூதிக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

இதில் ஒரு விஷயம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பது என் தங்கையின் சின்ன வயசுப் பழக்கம். "கையோட வந்துடப் போகுதுடி!" என்று நான் கேலி செய்யாத நாளில்லை.

இப்போதெல்லாம் செய்வதில்லை. அவள் இழுத்து முடித்ததும், நானும் ஒருதரம் இழுத்துப் பார்க்கிறேன்.